ஆடிக்கு ஆள் சேர்த்த அக்கா

பார்த்ததும் எல்லாரும் "சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். அக்கா அப்படிக் கேட்டதே இல்லை. "இன்னா துன்ன ஆசையா கீது?" என்பாள். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்னால் தலையை ஆட்டிக்கொள்வாள், பார்வையை மட்டும் எடுக்க மாட்டாள். அந்தப் பார்வைக்கு முன்னால் யாராலும் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. சுரைக்காயில் போட்ட இறால், சுடுசோற்றில் பிசைந்த நண்டுக் குழம்பு, பெற்ற பிள்ளையின் குரல் என்று ஏதாவது ஒன்று வாயிலிருந்து விழுந்துவிடும். விழுந்ததை அவள் மறந்ததே இல்லை.

நான் அவளைப் பார்த்தது குவைத்தில். எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் இறால் குறைந்துபோன வருஷம் என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார். அதுவும் வாரத்தில் பாதி நாள்தான் கிடைத்தது. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நான் வீட்டு வேலைக்கு விமானம் ஏறினேன். போன வீட்டில் எஜமானி கெட்டவள் இல்லை. சிரிக்காதவள், அவ்வளவுதான். என் போனை அவளே வைத்திருந்து வெள்ளிக்கிழமை மட்டும் சிறிது நேரம் கொடுப்பாள்.

ஒருநாள் பை தூக்குவதற்காக என்னைப் பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மீன் பிரிவில் ஐஸ் மேல் அடுக்கி வைத்திருந்த மீன்களைக் கண்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏரிக்காரியாமே, கடல்காரியா?"

திரும்பினேன். கறுப்பு அங்கி போட்ட, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். நெற்றியில் மிகச் சின்னதாக ஒரு பொட்டு.

"ஏரிதான்க்கா. எப்பிடிக்கா தெரியும்?"

"மடவையைத் தேடினு கீறே. கடல்காரின்னா வஞ்சிரத்தாண்ட போயி நின்னுருப்பா. பழவேற்காடா? அட, நம்ம ரோஜா ஊரா?"

ரோஜா எங்கள் குப்பத்துப் பெண்தான். எனக்கு முன்பே குவைத்துக்குப் போனவள். நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் அவளை அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரை அந்த இடத்தில் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா தன் சொந்த ஊர் ஏரிக்கு வடக்கே, தெலுங்கு பாதி தமிழ் பாதி பேசுகிற பக்கம் என்றாள். "எங்க நைனாவும் படகுக்காரருதான்" என்றாள்.

அதற்குள் எஜமானி தன் மகளோடு வந்து நின்றாள். நான் மீனிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அக்கா அரபியில் எதையோ கேட்டாள். மகளைக் காட்டி, "உங்கள் தங்கையா?" என்று கேட்டிருக்கிறாள். சிரிக்காத எஜமானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை என்னை வெளியே அனுப்பவும் அந்த இடத்திலேயே சம்மதித்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்துரு. ஆடி பொறந்துருச்சில்ல, அம்மனுக்குக் கூழு ஊத்தறேன்" என்று என் கையை அழுத்திவிட்டு அக்கா போனாள்.

எங்கள் ஊரில் ஆடி ஞாயிற்றுக்கிழமைதான் கூழ் ஊற்றுவார்கள். அங்கே வெள்ளிதான் விடுமுறை என்பதால் அம்மனும் வெள்ளிக்கு மாறியிருந்தாள். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அக்காவின் அறை. வெளியே அனல் காற்று. உள்ளே ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. கருவாட்டு வாசனை பக்கத்து வீடுகளுக்குப் போகாமல் இருக்க ஜன்னலை மூடி, கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருந்தாள். மூலையில் மஞ்சள் பூசிய செம்பு. அதில் சாலையோர மரத்திலிருந்து பறித்துவந்த வேப்பிலை. பெரிய அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரை, பச்சை வெங்காயம், கருவாட்டுக் குழம்பு.

எல்லாம் நம்மவர்கள். ரோஜா இருந்தாள். நெல்லூர்ப் பக்கத்துச் சுகுணா இருந்தாள். இன்னும் சில பெண்கள். சொம்பில் கூழை வாங்கி முதல் வாய் குடித்ததும் ஒருத்தி அழுதாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் எல்லாரும் அழுது, அழுததை நினைத்துச் சிரித்து, குலவை போட்டோம். வெளிநாட்டுக்குப் போன பிறகு நான் முதல்முறை வாய்விட்டுச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

சாப்பாடு முடிந்ததும் அக்கா ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ரோஜா கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். பிரித்தால் மடவைக் கருவாடு. ரோஜா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கம்மா போட்டதுக்கா" என்றாள்.

"உங்கம்மா போட்டதுதான். ஆள் உட்டு வாங்கியாரச் சொன்னேன்."

ரோஜா தன் அம்மாவின் நம்பரை அக்காவுக்குக் கொடுத்ததே இல்லையாம். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. என் முறை வந்தது. அக்கா தன் போனை என்னிடம் நீட்டினாள். திரையில் என் மகள். பல் விழுந்த வாயோடு சிரித்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

"கவுன் ஏதுடி கண்ணு?"

"நீதானம்மா அனுப்புன! குவைத்து அத்தை சொன்னாங்களே!"

நான் அனுப்பவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் உதட்டில் விரலை வைத்து, கண்ணை மூடித் திறந்தாள். அவள் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. அதோடு, வீட்டு நம்பர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் மனசில் ஓடியது. அதை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

நான் பார்த்தவரை அவள் யாரிடமும் அதட்டிப் பேசியதில்லை. என் கையில் எண்ணெய் கொட்டிக் கொப்பளித்தபோது தன் மடியில் கையை வைத்து மருந்து போட்டுவிட்டாள். மருந்து போட்டுக்கொண்டே கேட்பாள்: வீட்டில் எத்தனை பேர், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, கதவைப் பூட்டுவது யார், ஊரில் கேட்க ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள். ஊதி ஊதித் தடவிக்கொண்டே கேட்பதால் அது விசாரணை மாதிரியே இருக்காது. கஷ்டம் என்று சொல்கிறவளிடம், "அந்த வீட்டை உட்டு வந்துரு. நான் நல்ல வீடா பாத்து வக்கிறேன். வேணான்னா வேணாம், உன் இஷ்டம்" என்பாள். எஜமானரைவிட்டு ஓடி வந்தவளை அங்கே கல்லிவல்லி என்பார்கள். அப்படி ஆனவளுக்குக் காகிதம் எதுவும் செல்லாது. போலீசுக்குப் பயந்து, சேர்த்துவிட்டவரை நம்பித்தான் இருந்தாக வேண்டும். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவள் சிறுவயதைப் பற்றி, நான் ஊர் திரும்பிய பிறகு என் நாத்தனார் ஒரு விஷயம் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வடக்குக் கரைக் குப்பங்களில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்களாம். பாவாடை கட்டுகிற வயசிலேயே. செத்தவர் யாருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார், எந்தப் பேரனுக்கு எதை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கித் தராமல் போனார் என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு பாட்டில் சேர்த்துவிடுவாளாம். கல்லு மாதிரி நிற்கிறவனும் உடைந்து விழுவானாம். எல்லாரையும் அழவிட்டபின் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கேட்டுக் குடிப்பாளாம். "அந்தக் கண்ணு அதுக்குள்ள காஞ்சிருக்குமாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

மறு ஆடியிலும் கூழ் ஊற்றினாள். சுகுணா வரவில்லை.

"ஊருக்குப் போயிட்டா" என்றாள் அக்கா, அண்டாவைக் கிளறிக்கொண்டே.

"சொல்லாமலேவாக்கா?"

"அவசரமாப் போனா. புருசனுக்கு உடம்பு சரியில்லியாம்."

போன வருஷம் வந்த இன்னும் சிலரும் இல்லை. அவர்கள் இடத்தில் புதுப் பெண்கள் உட்கார்ந்து, நாங்கள் அழுத மாதிரியே அழுதார்கள். நான் ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தேன். கீழே ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. போன ஆடிக்கும் அதே இடத்தில் அது நின்றிருந்தது ஞாபகம் வந்தது.

ரோஜா பையோடு வந்திருந்தாள். அவள் இருந்த வீட்டில் எஜமானியின் தம்பி அவளிடம் தப்பாக நடக்கப் பார்த்திருக்கிறான். அக்கா வேறு வீடு பார்த்து வைத்திருந்தாள். கிளம்பி வந்துவிட்டாளே தவிர, ரோஜாவுக்கு மனசு ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஊருக்கே போயிறலாமான்னு கீது. எம்பசில போயி நின்னா அனுப்பிடுவாங்களாமே" என்று என் காதில் சொன்னாள்.

நான் பதில் சொல்வதற்குள் அக்காவின் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. தலைமுடி அவிழ்ந்தது. கையில் வேப்பிலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உறுமினாள். பெண்கள் எல்லாரும் எழுந்து, "தாயே" என்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அக்கா ரோஜாவின் தலையில் கையை வைத்தாள்.

"எல்லையத் தாண்டி வந்தவடி நானு. ஒனக்கு முன்னாடி நடப்பேன். சந்தேகப்படாதே. போ!"

ரோஜா மண்டியிட்டாள். அப்போது கீழே கார் ஹாரன் அடித்தது. நீளமாக ஒரே ஒருமுறை. அம்மன் உடனே மலையேறிவிட்டாள். அக்கா முடியை முடிந்துகொண்டு, சாதாரணக் குரலில், "பையை எடுத்துக்கோ கண்ணு, டிரைவரு காத்துனு கீறாரு" என்றாள்.

குங்குமம் வைத்து, குலவை போட்டு, கல்யாணப் பெண்ணை வழியனுப்புவதுபோல ரோஜாவை அனுப்பிவைத்தார்கள். என் வாயிலிருந்து குலவை வரவில்லை. சாமி ஹாரனுக்குக் காது கொடுக்குமா என்ற கேள்வி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படி நினைப்பதே பாவமோ என்ற பயமும் இருந்தது.

ரோஜாவின் போன் அன்றோடு நின்றது. சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, எஜமானி போனைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ரோஜாதான். குசுகுசுவென்று பேசினாள்.

"அண்ணி, இது எந்த ஊருன்னே தெரியல. சுத்தி மணலு. கதவு வெளிப்பக்கம் பூட்டுது அண்ணி. ஆளுங்க வந்து வந்து போறானுங்க..."

"யாரு ரோஜா? எங்கடி கீறே?"

"அக்காகிட்ட சொல்லு அண்ணி. அக்காவுக்குத் தெரியாம இவனுங்க ஏமாத்திட்டானுங்க. தெரிஞ்சா அக்கா சும்மா உடாது."

லைன் போய்விட்டது.

அன்று மதியம் எஜமானியிடம் கேட்டுக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். போன் வந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினேன். அவளைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, வேறு மாதிரி கேட்டேன்.

"ரோஜா எப்பிடி கீதுக்கா? பேசுச்சா?"

"நேத்துகூடப் பேசுனாளே! ஒரே சிரிப்பு. அந்த வீட்டுக் கொழந்தை அவளை உட்டு எறங்க மாட்டேங்குதாம்." அக்காவின் முகம் பூரித்திருந்தது. குழந்தை எப்படிச் சிணுங்கும் என்று செய்தும் காட்டினாள்.

அவள் என் தட்டில் இறால் போட்ட சுரைக்காயை வைத்தாள். எப்போதோ நான் சொன்னது.

"நீ எப்பமே வர? உனக்கும் ஒரு வீடு பாத்து வச்சிக்கீறேன். போன உன் கையிலயே குட்த்துருவாங்க. தெனம் பொண்ணுகிட்ட பேசலாம். அவ தூங்கறவரைக்கும் பேசலாம்."

மகள் தூங்கும்வரை பேச வேண்டும். அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அதையும் எடுத்துவிட்டாள். இப்படி ஒருத்தி மனசுக்குள் கைவிட்டால் தப்பிப்பது எப்படி? சுரைக்காயை முழுக்கச் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கியவள்தான், அதன்பிறகு அந்த மாடிக்குப் போகவே இல்லை.

நான் போகாதது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மகள் போனில் சொன்னாள். "குவைத்து அத்தை போன் பண்ணாங்கம்மா. சைக்கிள் வாங்கித் தராங்களாம். ஸ்கூலுக்கு எந்த வழியா போவே, யாரு கூட போவேன்னு கேட்டாங்க."

அன்றே வீட்டுக்காரரிடம் அழுது சொல்லி, வீட்டு நம்பரை மாற்ற வைத்தேன். மகளைத் தினமும் அவரே பள்ளியில் கொண்டுபோய் விட்டார். ரோஜா பேசிய நம்பரை எஜமானியிடம் காட்டி, நடந்ததைத் தெரிந்த அரபியில் சொன்னேன். சிரிக்காத அந்த அம்மாள்தான் என்னைக் காரில் ஏற்றித் தூதரகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். "அந்தப் பெண் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். அக்கா என்றேன். அவள் கட்டடத்துக்குக் கீழே இருந்த மலையாளத்துக் கடைக்காரர் அவளை ஒரு பெயரிலும், நேபாளத்துப் பெண்கள் வேறு பெயரிலும் கூப்பிட்டதைச் சொன்னேன். அவற்றில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தேடிப் போனபோது மூன்றாவது மாடி அறை காலியாக இருந்ததாம்.

ரோஜாவைக் காப்பாற்றியது ஒரு தண்ணீர் லாரி டிரைவர். அந்த மணல்காட்டு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தமிழும் தெலுங்குமாக அழுவதைக் கேட்டிருக்கிறார். அவர் தகவல் சொல்லி, அவளை மீட்டு ஊருக்கு அனுப்பினார்கள். என் ஒப்பந்தம் முடிந்து நானும் திரும்பினேன். ரோஜா பகலிலும் கதவைச் சாத்தவிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். நடந்ததை யாரிடமும் பேசவில்லை. அக்காவைப் பற்றி நான் சொன்னதை அவள் அண்ணனைத் தவிர யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் அவளுக்குக் காற்று பிடித்திருக்கிறது என்றார்கள். அதைவிட மோசமாகவும் சிலர் சொன்னார்கள்.

போன ஆடியில் அக்கா எங்கள் குப்பத்துக்கே வந்தாள்.

பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. அம்மன் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் எடுத்து வந்திருந்தாள். குப்பத்துத் தலைவர் மாலை போட்டு வரவேற்றார். மைக்கில் அறிவித்தார்கள். கூழ் அண்டாவில் முதல் அகப்பையை அவள்தான் போட்டாள். பெண்கள் அவளைச் சுற்றி மொய்த்தார்கள். "இன்னா துன்ன ஆசையா கீதும்மா?" என்று அவள் கேட்பது எனக்குத் தூரத்திலிருந்தே கேட்டது. கடைசி வீட்டுப் பெண்ணிடமும் பூசாரி மகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரோஜாவின் அண்ணன் உடனே போலீசுக்குப் போகிறேன் என்று படகை எடுத்தான். நான் கூட்டத்துக்குள் நுழைந்து, இவள் யார் தெரியுமா என்று கத்த ஆரம்பித்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெண்ணை அக்கா மூலமாக அனுப்பிவிட்டு, மாசக்கணக்கில் பேச்சுமூச்சு இல்லாமல் காத்திருக்கும் இரண்டு தாய்மார்கள்.

"வாயை மூடுமே, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் ஒருத்தி. "எம் பொண்ணு எங்க கீதுன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அவளைப் பகைச்சுக்கினா யாரு தேடித் தருவா? நீ தருவியா?"

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அவள் கூழை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வரப்போகிறது என்று அக்காவிடம் சொன்னதும் அவர்களில் ஒருத்திதான்.

அக்கா பதறவில்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, குவைத்துக்கு வரச் சம்மதித்துவிட்ட கடைசி வீட்டுப் பெண்ணையும் பூசாரி மகளையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். வடக்குக் கரைக்குப் போகிற படகு தயாராக இருந்தது. பெண்கள் பையோடு ஏறி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ரோஜா வந்தாள். வீடு திரும்பிய பிறகு அவள் அவ்வளவு தூரம் நடந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகில் ஏறி, அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் இல்லாத ரூமு" என்று ஆரம்பித்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். அவளை எப்படிக் கொண்டுபோனார்கள், அங்கே என்ன செய்தார்கள், கத்தினால் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கரையில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா எதிர்ப்பலகையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. ரோஜா பேசி முடித்ததும் முந்தானையால் ரோஜாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "என் கண்ணு, உன்னை அந்தப் பாவிங்க இப்பிடிப் பண்ணிட்டாங்களே" என்றாள். ரோஜா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

பூசாரி மகள் எழுந்தாள். பையை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்துக் கரைக்கு ஓடி வந்தாள். நான் போய் ரோஜாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். கடைசி வீட்டுப் பெண் இறங்கவில்லை. அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அழுகையை நம்பிவிட்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே நான் இடுப்புத் தண்ணீர்வரை போனேன். இஞ்சின் கிளம்பிவிட்டது. படகு வளைந்தபோது அக்கா பூசாரி மகளைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"பயப்படாதே கண்ணு! உன் பையை நான் பத்தரமா வச்சிருப்பேன்!"

சாலை சுற்றிப் போலீஸ் வந்து சேர்ந்தபோது தண்ணீரில் படகின் தடம்கூட இல்லை. வடக்குக் கரையிலும் தேடினார்கள். இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசி வீட்டுப் பெண்ணின் அம்மா இப்போது ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகும்போதும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். அது ஒலித்து நான் கேட்டதில்லை. என்னோடு அவள் பேசுவதில்லை. ஈரப் புடவையோடு திரும்பும்போது ரோஜாவின் வாசலில் மட்டும் கொஞ்சம் நிற்பாள். நேற்று நானும் அங்கே இருந்தேன்.

"மே ரோஜா" என்று கூப்பிட்டாள். "அந்த ரூமுல நெசமாவே ஜன்னலு இல்லியா?"

ரோஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருந்துச்சு சித்தி" என்றாள். "பெரிய ஜன்னலு. நல்லாக் காத்து வரும்."